ஞானமும் பக்தியும்: ‘மதிநலம்’ என்ற தொடரின் இரு பொருள்கோள்களும் எண்ணாயிரம் கல்வெட்டும்

ஆழ்வார்களின் பக்தி வேறு, இராமானுசர் வகுத்த பக்தி வேறு என்னும் கருத்து வைணவ ஆய்வில் பலராலும் வழிமொழியப்பட்டு வருகிறது. அதற்கு மிக வலிய வடிவம் தந்தவர் ஃபிரீட்ஹெல்ம் ஹார்டி. 1983இல் வெளிவந்த ‘விரக பக்தி’ என்ற தம் பெருநூலில் அவர் பக்தியை இரண்டாகப் பகுத்தார்: கண்ணனைப் பிரிந்த ஏக்கத்தில் உருகும் உணர்வுவழிப் பக்தி ஒன்று; கீதையில் வேர்கொண்டு வேதாந்த ஆசாரியர்களிடம் முதிர்ந்த, தியானமும் யோகமும் கலந்த அறிவுவழிப் பக்தி மற்றொன்று. இந்தப் பகுப்பின்படி நம்மாழ்வார் முன்னதற்கும், இராமானுசர் பின்னதற்கும் உரியவர்களாகின்றனர். இடையில் நிகழ்ந்தது தமிழின் உணர்ச்சி வடமொழியின் தத்துவத்துக்குள் அடக்கப்பட்ட ஒரு மாற்றமாகத் தோன்றுகிறது.

ஆழ்வார் பாடல்களின் பிரிவுத் துயரைச் சங்க அகத்திணை மரபோடு இணைத்துக் காட்டிய ஹார்டியின் உழைப்பு மதிக்கத்தக்கது; அந்த இணைப்பை இன்று யாரும் மறுப்பதற்கில்லை. எனினும், நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் உள்ள நூறு பதிகங்களுள் தாய், தோழி, தலைவி ஆகியோர் கூற்றாக அமைந்தவை 27 மட்டுமே. எஞ்சியவற்றில் ஆழ்வார் தம் குரலிலேயே பேசுகிறார். அவற்றுள் பரம்பொருளின் இயல்பையும் உலகோடு அதற்குள்ள உறவையும் ஆராயும் பதிகங்கள் பல உள்ளன. நாலில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுந்த பகுதியை முழுமைக்கும் அளவுகோலாக்கினால், ஆழ்வாரிடம் உள்ள ஞானம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பின்வந்த ஆசாரியர்களிடம் தெரியும் ஞானம் வெளியிலிருந்து வந்ததாகவும் படும். ஹார்டியின் பகுப்பு நூலின் ஒரு பகுதிக்குப் பொருந்துவதே அன்றி நூல் முழுமைக்கும் பொருந்துவதன்று.

இரு நெறிகளையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கத்துக்குச் சங்கரரையே சான்றாகக் காட்டுவதும் முழுமையானதன்று. ஞானமே வீடுபேற்றின் நேர்க்காரணம் என்ற அவர், கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறும் உயர்ந்த பக்தியை ஞானநிட்டை, அதாவது அறிவிலே நிலைத்து நிற்றல், என்றே விளக்கினார். ஆக, சங்கரருக்கும் இராமானுசருக்கும் இடையில் இருந்த வழக்கு, பக்தியா ஞானமா என்பதன்று. வீடு தரும் ஞானம் எத்தகையது என்பதே.

அதற்கு இராமானுசர் தந்த விடை, பிரமசூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷியத்தின் முதற் சூத்திர உரையிலேயே உள்ளது. உபநிடத வாக்கியத்தின் பொருளை அறிந்துகொள்வதால் மட்டும் கட்டு நீங்காது. விதிக்கப்பட்ட அறிவு உபாசனை எனப்படும் இடையறாத தியானமே என்று அவர் வாதிடுகிறார். சாந்தோக்கிய உபநிடதத்தில் மனத்தைப் பிரமமாக உபாசிக்கச் சொல்லித் தொடங்கும் பகுதி அறிதலைச் சொல்லி முடிவதையும், இரைக்குவர் கதையில் அறிதலாகத் தொடங்கியது உபாசனையாக முடிவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்தத் தியானம் எண்ணெய் ஒழுக்குப் போல் அறாத நினைவாகி, நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவு பெற்று, நினைக்கப்படும் பொருள் பேரன்புக்குரியதாக இருப்பதால் நினைவும் அன்புமயமாகும்போது பக்தி என்ற பெயர் பெறுகிறது. இங்கே பக்தி ஞானத்தின் மாற்றன்று, அதன் அடுத்த படியும் அன்று. ஞானம் முதிர்ந்து நிற்கும் வடிவம் அது. விவேகம் முதலான ஏழு துணைச் சாதனங்களைக் கூற இராமானுசர் துணைக்கொண்ட, வாக்கியகாரர் எனப்படும் பழைய உரையாசிரியரின் காலம் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. ஆனால் அவர் இராமானுசருக்கு முற்பட்டவர் என்பதால், இக்கருத்தின் வேர் பழையது என்பது மட்டும் உறுதி.

இனி, இக்கட்டுரையின் மையமான சான்றுக்கு வரலாம். திருவாய்மொழியின் முதற் பாசுரத்தில் இறைவன் தமக்கு அருளியதாக ஆழ்வார் கூறுவது ‘மதிநலம்’. இத்தொடருக்குத் திருவாய்மொழியின் விரிவுரையான ஈடு முப்பத்தாறாயிரப்படி இரு நிர்வாகங்களை, அதாவது பொருள்கொள்ளும் முறைகளை, பதிவு செய்கிறது. இராமானுசருக்கு முந்திய தலைமுறை ஆசாரியரான ஆளவந்தார் இதனை ஞானம், பக்தி என்னும் இரண்டையும் அருளினான் என்று விளக்கியதாக, அவர் மாணவரும் இராமானுசருக்குத் திருவாய்மொழி பயிற்றியவருமான திருமாலையாண்டான் கூறுவார். எம்பெருமானாராகிய இராமானுசரோ பக்தியின் வடிவெடுத்த ஞானம் என்னும் ஒன்றையே அருளினான் என்று கொள்வார். முதல் நிர்வாகத்தில் அருளப்பட்டவை இரண்டு, மற்றதில் ஒன்று. பிற்காலத்தார் பலரும் இதனை உரை நயமாகக் கடந்து சென்றுவிட்டனர். ஆனால் பக்தி, ஞான நெறிகளின் உறவு தமிழ் வைணவத்தில் எவ்வாறு மாறியது என்பதற்கு இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு நேரான சான்று வேறில்லை.

இவ்விரு நிர்வாகங்களையும் அவரவர் வடமொழி நூல்களோடு ஒப்பிடும்போது அவற்றின் மதிப்பு விளங்கும். ஆளவந்தாரின் கீதார்த்த சங்கிரகம், நாராயணனைப் பக்தி ஒன்றாலேயே அடையலாம் என்றும், அந்தப் பக்தி தன் கடமை, ஞானம், பற்றின்மை ஆகியவற்றால் விளைவது என்றும் தொடக்கத்திலேயே கூறுகிறது. ஞானம் பக்தியை விளைவிப்பது என்றால், விளைவிப்பதும் விளைவதும் இரண்டு பொருள்கள்; ‘மதி’யையும் ‘நல’த்தையும் இரண்டாகக் கொள்வது இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஸ்ரீபாஷியத்திலோ அறிவே அன்பாகிறது என்பதால் ஒன்றாகக் கொள்வதே பொருந்தும். தமிழ் உரைமரபு வாய்மொழியாகக் காத்துவந்த ஒரு கருத்துவேறுபாடு, ஆழ்வார் பாசுரத்தைப் பற்றியே பேசாத இரண்டு வடமொழி நூல்களின் வேறுபாட்டோடு இத்துணை நெருங்கி ஒத்துப்போவது தற்செயலாக இருக்க இயலாது.

இதற்கு ஒரு தடை உண்டு. ஈடு, நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய காலட்சேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. இராமானுசர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டோ அதற்கு மேலோ கழிந்த பின்னர் எழுதப்பட்ட ஒரு செய்தியை அவர் வாய்மொழியாக ஏற்பது எங்ஙனம்? ஸ்ரீபாஷியத்தை நன்கு கற்ற ஒருவர், அதன் கருத்தைப் பாசுரத்தின் மேல் ஏற்றி, இராமானுசர் பெயரில் வழங்கியிருக்கலாம் அன்றோ? இந்த ஐயத்தை முற்றிலும் நீக்கும் சான்று இல்லை. ஆயினும், மரபு தானாகப் புனைந்துகொள்ளும் செய்திகள் ஆசாரியர்களுக்குள் ஒற்றுமையை நிறுவும், பிளவைக் காட்டா. ஆளவந்தாருக்கு மாறாக இராமானுசர் பொருள் கூறினார் என்பது குருபரம்பரைக்கு நெருடலான செய்தி. இராமானுசர் புதுப்பொருள் கூறியதால் திருமாலையாண்டான் பாடத்தையே நிறுத்தினார் என்றும், மற்றோர் ஆசாரியரான திருக்கோட்டியூர் நம்பி தலையிட்டு அது மீண்டும் தொடங்கியது என்றும் மரபு சொல்வது அந்த நெருடலின் அடையாளம். நெருடலானதை மறைக்காமல் காத்த மரபின் சொல்லுக்கு இவ்விடத்தில் கூடுதல் எடை தருவதே முறை.

மற்றொரு சிக்கலையும் ஒதுக்கிவிட முடியாது. இராமானுசரின் கீதாபாஷியம் ஆளவந்தாரின் அடிச்சுவட்டில் கருமயோகம், ஞானயோகம், பக்தியோகம் என்னும் படிமுறையையே பின்பற்றுகிறது. அது ஸ்ரீபாஷியத்துக்குப் பிந்தியது என்பதே பலர் கருத்து. எனவே, இளமையில் ஆளவந்தாரை ஏற்று முதுமையில் விலகினார் என்ற எளிய வளர்ச்சிக் கதை செல்லாது. ஆனால் கீதாபாஷியத்தின் ஞானயோகம் உயிர் தன் இயல்பை அறியும் அறிவு. ஸ்ரீபாஷியம் கூறுவது பரம்பொருளைப் பற்றிய அறிவு. அறியப்படும் பொருள் வேறாகும்போது, அறிவு பக்திக்கு முன்படியாவதும் பக்தியாகவே மாறுவதும் முரணாகா. இறைவன் தன்னைக் காட்டி அருளிய அறிவைப் பாடும் முதற் பாசுரம் இரண்டாவது வகைக்கே உரியது என்று இராமானுசர் கருதியிருக்க வேண்டும்.

ஹார்டியின் கருத்துக்கு மிகுந்த வலிமை தருவது, இராமானுசரின் வடமொழி நூல்களில் ஆழ்வார்களின் பெயரோ பாசுரமோ எங்கும் இடம்பெறாமையே. எனினும் நூலில் மேற்கோள் இல்லாமை, நூலாசிரியர் வாழ்ந்த சூழலில் அப்பாடல் இல்லாமைக்குச் சான்றாகாது. ஆளவந்தார் தம் தோத்திர ரத்தினத்தில் நம்மாழ்வாரைக் குலமுதல்வராகக் கொண்டு அவர் திருவடியைப் பணிந்து போற்றுகிறார். சூழலைக் காட்டக் கல்வெட்டும் ஒன்று உண்டு.

விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த எண்ணாயிரம், சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. அவ்வூர்த் திருமால் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, ஏறத்தாழ 1025ஐச் சார்ந்ததாகக் கருதப்படுவது, 340 மாணவர் பயின்ற ஒரு கல்லூரிக்கு வழங்கிய நிவந்தத்தை விரித்துரைக்கிறது. இளமாணவர் 270 பேர். அவருள் 40 பேர் ரூபாவதாரம் என்னும் இலக்கணமும் 230 பேர் வேதம் முதலியனவும் பயின்றனர். மூத்த மாணவர் 70 பேருள் வியாகரணம் 25 பேருக்கும், பிரபாகர மீமாம்சை 35 பேருக்கும், வேதாந்தம் 10 பேருக்கும் உரியவை. இளமாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரு நாழி என்று அளவும் குறிக்கப்படுகிறது. அதே கோயில் நிவந்தங்களில் திருவாய்மொழி ஓதுவதற்கும் ஸ்ரீவைணவர்க்கு உணவளிப்பதற்கும் பங்கு ஒதுக்கப்பட்டது.

மரபுவழி ஆண்டுக் கணக்கில் இராமானுசர் காலம் 1017 முதல் 1137 வரை. 120 ஆண்டு வாழ்வை ஐயுறுவோர் பிறப்பைப் பல ஆண்டுகள் பின்தள்ளுவர். எந்தக் கணக்கை ஏற்றாலும், வேதாந்தப் பாடமும் திருவாய்மொழியும் ஒரே கோயிலின் நெல்லை உண்டு வளர்ந்தது அவர் எழுதத் தொடங்குவதற்கு முன்பே என்பது தெளிவு. இதனை அளவுக்கு மீறி விரிக்கவும் கூடாது: அங்குக் கற்பிக்கப்பட்ட வேதாந்தம் எக்கோட்பாட்டைச் சார்ந்தது என்று கல்வெட்டு கூறவில்லை; பாடம் கேட்டவரும் பாசுரம் ஓதியவரும் ஒருவரே என்று கொள்ளவும் இடமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அறியாத இரு உலகங்கள் என்று சொல்வதற்கு இடமில்லை என்ற அளவுக்கு இச்சான்று போதும். இராமானுசர் இணைத்தவை முன்பே அண்டைவீட்டாராக வாழ்ந்தவை.

பின்வந்த ஆசாரியர்களும் இவ்விரண்டையும் நெறிகளாகப் பிரிக்காமல் ஒருவரிடமே நிகழும் நிலைகளாகக் கண்டனர். அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசாரிய ஹிருதயம், ஞானம் மேலோங்கும்போது ஆழ்வார் தம் பேச்சாகவும், காதல் மேலோங்கும்போது பெண் பேச்சாகவும் பாடுகிறார் என்று வகுக்கிறது. ஹார்டி இரு வேறு பக்திகளாகப் பிரித்ததை நாயனார் ஒரே கவியின் இரு குரல்களாகக் கேட்டார் என்பது கருதத்தக்கது. இராமானுசர் இயற்றியதாக மரபு கூறும் சரணாகதி கத்யமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பரபக்தி, பரஞானம், பரமபக்தி என்ற மூன்றையும் வேண்டுகிறது: காண வேண்டும் என்னும் தவிப்பு முதலாவது, கண்டறிதல் இரண்டாவது, கண்டபின் பிரிவைத் தாங்காத நிலை மூன்றாவது என்று உரையாளர் விளக்குவர். இவ்வரிசையில் ஞானம் இரண்டு பக்திகளுக்கு நடுவே நிற்கிறது. பிரிவாற்றாமை என்ற உணர்வோ அறிவுக்கு முந்திய நிலையில் தங்கிவிடாமல் அதன் உச்சியில் வருகிறது. இந்த ஒரு வரிசையே உணர்வுவழி, அறிவுவழி என்ற பகுப்பைக் குலைக்கப் போதுமானது.

கத்யம் இராமானுசர் இயற்றியதுதானா என்பதை இராபர்ட் லெஸ்டர் 1976இல் வெளியிட்ட தம் நூலில் ஐயுற்றார். மரபறிஞர் அதனை ஏற்கவில்லை. வாதம் இன்னும் முடியவுமில்லை. கத்யம் அவருடையதே என்றால், ‘மதிநலம்’ பற்றிய இரண்டாவது நிர்வாகத்துக்கு அவர் வாக்கிலேயே துணை கிடைக்கிறது. அன்று என்றால், அது நம்பிள்ளையின் மாணவரான பெரியவாச்சான் பிள்ளை அதற்கு உரை வரைந்த காலத்துக்கு முன்பே மரபில் வேரூன்றியிருந்தது என்ற அளவோடு நிற்க வேண்டும். அந்நிலையில் ஈட்டின் சாட்சியும் கத்யத்தின் சாட்சியும் இராமானுசர் மாணவர் தலைமுறைக்கும் நம்பிள்ளை தலைமுறைக்கும் இடைப்பட்ட திருவரங்கத்துக்கே உரியவையாகும். அதனினும் நெருங்கிய காலக்குறிப்பை இப்போதுள்ள சான்றுகள் தாங்கமாட்டா.