பெயரும் வினைமுற்றும்

ஒரு மொழி தன் மக்களை எச்சொல்லால் சுட்டுகிறது என்பது, அம்மக்களுக்கு அது அளிக்கும் இடத்தைக் காட்டும். பிறப்பிற் குறித்த பாலைக் கடந்து வாழ்வோர் பற்றிய ஆய்வு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர், ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயரை உயர்திணையுள் வைத்தார். தெய்வப் பெயரோடு சேர்த்து அதற்கு விதி கூறினார். அது ஆண்பால் முடிபு கொள்ளாது என்றும் வரையறுத்தார். நன்னூலாரோ அவரவர் விழைவையே அளவுகோலாக்கினார். ஆண்மை விட்டுப் பெண்மை விழைவோர் பெண்பால். பெண்மை விட்டு ஆண்மை விழைவோர் ஆண்பால். ஆயின், இருவரையும் அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்.

இலக்கியத்திலும் இவ்விருமை உண்டு. மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடியாடலும் ஒன்று. குறளிலோ, அவையஞ்சுவோன் கற்ற நூலுக்குப் பேடி கைவாள் உவமையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் இதழ்களும் திரைப்படங்களும் பெரிதும் இகழ்ச்சியையே எடுத்துக்கொண்டன. ‘அலி’ என்னும் சொல் வசையாயிற்று. சித்திரைதோறும் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாப் படங்கள் வெளிவந்தன. தாலியறுத்து அழுவோரைக் கண்ட வாசகர், எஞ்சிய நாள்களில் அவர்கள் வீடும் வேலையும் இன்றி அலைந்ததை அரிதாகவே படித்தனர். பின்னர் வந்த ‘அரவாணி’ மதிப்புக் கருதிய சொல்லே. எனினும், ஒரு விழாவின் பெயரை வாழ்நாளெல்லாம் சுமக்கச் செய்தது. 2008இல் தமிழக அரசு அமைத்த நல வாரியமும் அப்பெயரையே தாங்கிற்று.

மாற்றம் அவர்தம் குரலால் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இல் நூலாயிற்று. 2008இல் ரோஸ் விஜய் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துநராக வீடுதோறும் பேசினார். பிறர் எழுதிய செய்திக்குப் பொருளாயிருந்தோர் சொல்வோராயினர். ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்னும் சொற்கள் வேரூன்றின. 2014இல் உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழக அரசு மதிப்புடைய சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது.

பெயர்ச்சொல் திருந்திற்று, ஆயினும், தலைப்பில் ‘திருநங்கை’ என எழுதி, செய்தியினுள் ‘வந்தான்’, ‘சென்றான்’ என முடித்தால், பெயர் தந்த மதிப்பை வினைமுற்று பறித்துவிடும். தொல்காப்பியர் விலக்கிய முடிபு அதுவே. சொல்லை எடையிட்டு ஆளும் கவிஞர்கள், வினைமுற்றின் ஓரெழுத்தில் ஒருவரது வாழ்வு அடங்கியிருப்பதை அறிவர். செய்தித் தமிழுக்கு அதனை உணர்த்தும் கடன் இவ்வவைக்கும் உண்டு.