உடன்படிக்கையும் உள்நாட்டுச் சட்டமும்

ஓர் அரசாங்கம் உலக அரங்கில் மனித உரிமை உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. அவ்வுடன்படிக்கையைக் காட்டி அந்நாட்டுக் குடிமகன் தன் நாட்டு நீதிமன்றத்தில் நியாயம் கேட்கலாமா? எல்லா நாடுகளும் இதற்கு ஒரே விடை கூறுவதில்லை. நெதர்லாந்தில், யாவரையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை விதிக்கு மாறான சட்டத்தை நீதிமன்றம் ஒதுக்கிவிடும். பிரிட்டிஷ் மரபில் வந்த நாடுகளிலோ உடன்படிக்கை செய்வது அரசாங்கத்தின் வேலை; சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. பாராளுமன்றம் சட்டமாக்காதவரை உடன்படிக்கை உள்நாட்டில் சட்டமாகாது. மலேசியா இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்நாட்டில் இவ்வரலாறு சுதந்திரத்திற்கு முன்பே தொடங்கியது. 1950இல் ரோம் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை, 1953இல் பிரிட்டன் மலாயா, சிங்கப்பூர் உட்படத் தன் ஆட்சிக்குட்பட்ட பல நாடுகளுக்கும் விரிவுபடுத்தியது. ஆனால் அப்போது இங்கே அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அதைக் காரணங்காட்டி 1954இல் பிரிட்டன் விலக்கு அறிவித்தது. தனி மனிதர் முறையிடும் உரிமையையும் அது 1966 வரை ஏற்கவில்லை. ஆகவே உரிமை வந்தது. அதைக் கேட்டுப் பெறும் வழி வரவில்லை.

1957இல் ரீட் குழுவின் அறிக்கையைத் தழுவி எழுந்த அரசியலமைப்பு, தன் இரண்டாம் பகுதியில் 5 முதல் 13 வரையிலான விதிகளில் அடிப்படை உரிமைகளைக் கூறிற்று. ‘சட்டம்’ என்பதற்கு 160ஆம் விதி தரும் விளக்கத்தில் எழுத்துச் சட்டம், பொதுச் சட்டம், வழக்காறு ஆகியவை உண்டு. உலக உடன்படிக்கை இல்லை. 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் கொள்கை விளக்கமேயன்றி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியன்று என்று மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் 1981இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னர் நிலை சிறிது மாறியது. மாதர்க்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையில், சில விதிகளை விலக்கி, 1995இல் மலேசியா சேர்ந்தது. சமயம், இனம், மரபு, பிறந்த இடம் ஆகியவற்றால் வேற்றுமை காட்டக் கூடாது என்ற 8ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவில், 2001இல் பாராளுமன்றம் ‘பால்’ என்ற சொல்லையும் சேர்த்தது.

அந்த ஒரு சொல்லின் வலிமையை உணர்த்திய வழக்கு ஆசிரியர்களாகிய நம்மைச் சேர்ந்தது. 2009இல் தற்காலிக ஆசிரியை ஒருவருக்கு நியமனம் கிடைத்தது. அவர் கருவுற்றிருப்பது தெரிந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், கருவுற்றதற்காக வேலை மறுப்பது பால் வேற்றுமையே எனத் தீர்ப்பளித்தது. அச்சொல்லின் பொருளை அறிய மாதர் உடன்படிக்கையையே நீதிபதி துணைக்கொண்டார். இந்தியாவில் 1997இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றமும் இவ்வழியே சென்றது. வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், இதே உடன்படிக்கையைக் கொண்டு நெறிமுறைகள் வகுத்தது. தனிச் சட்டம் 2013இல்தான் வந்தது.

ஆயினும் இவ்வழி இந்நாட்டில் உறுதிப்பட்டுவிடவில்லை. பயிற்சிக் காலத்தில் கருவுறலாகாது என்ற ஒப்பந்தத்தின்படி விமான நிறுவனம் ஒன்று ஒரு பயிற்சிப் பெண்ணை விலக்கிய வழக்கில், 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. 8ஆம் விதி அரசுத் துறையையே கட்டுப்படுத்தும், தனியாரை அன்று. உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத உடன்படிக்கைக்கு இங்கே சட்ட வலிமை இல்லை என்றது.

இரு பெண்களுக்கும் நேர்ந்தது ஒன்றே. ஒருவருக்கு அரசு முதலாளி. மற்றவருக்கு நிறுவனம் முதலாளி. இவ்வேற்றுமையே ஒருவரைக் காத்தது, மற்றவரைக் கைவிட்டது. நீதிபதி உடன்படிக்கையைக் கொண்டு அரசியலமைப்பின் சொல்லுக்குப் பொருள் விரிக்கலாம். இல்லாத சொல்லை எழுதிச் சேர்க்க இயலாது. அது பாராளுமன்றத்தின் கடமை. பாராளுமன்றத்தை அமைப்பவரோ வாக்காளர். ஆதலால் குடிமை பாடத்தில் பிரகடனத்தின் சிறப்பைச் சொல்லும் ஆசிரியர், 8ஆம் விதியையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வாராக. எந்த உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது, எது இன்னும் எழுதப்படவில்லை என்று அறிந்த குடிமகனே அதைக் கேட்டுப் பெற முடியும்.