தலை ஒண்ணு, உடம்பு ஒண்ணு: ஒரு பழைய புல்லட்டின் கதை

வேதாளம் விக்கிரமாதித்தன்கிட்ட கேக்குற கேள்விகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது தலை மாறின கதை. புருஷனும் இன்னொருத்தனும் கோயில்ல தலையை வெட்டிக்கிட்டுச் சாகுறாங்க. காளி வரம் குடுக்குறா. அந்தப் பொண்ணு பதட்டத்துல தலையை மாத்தி ஒட்டிடுறா. இப்ப யாரு புருஷன்? தலை யாருதோ அவன்தான்னு ராஜா தீர்ப்பு சொல்லுவார். தாமஸ் மன் இதை வெச்சு 1940-ல ஒரு குறுநாவல் எழுதினார். நம்ம கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா' எழுதினார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போறவங்க யாரா இருந்தாலும் இந்தக் கதையைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. ஏன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸும் கிட்டத்தட்ட அதே தீர்ப்புதான் சொல்லுது: ஹேண்டில்பார் கழுத்துல குத்தின சேஸ் நம்பர்தான் வண்டி. மத்ததெல்லாம் உடம்பு.

ஆனா உடம்புக்கும் ஒரு நம்பர் இருக்கே, அங்கதான் வம்பு.

கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்லதான் ராயல் என்ஃபீல்டு கம்பெனி. 'புல்லட்'ங்கிற பேரை 1932-லயே வெச்சுட்டாங்க. நமக்குத் தெரிஞ்ச 350 சிசி புல்லட்டோட ஆதி உருவம் 1948-49 வாக்குல வந்தது. நம்ம ராணுவம் எல்லையில ரோந்து போக அதைத் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியா வண்டி வந்து இறங்கிச்சு. 1955-ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை போட்டாங்க. முதல்ல இங்கிலாந்துலேர்ந்து பாகங்கள் பெட்டியில வரும், இங்க பூட்டுவாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-ல இங்கிலாந்துக் கம்பெனி மொத்தமா முடிஞ்சு போச்சு. தாய் போயிட்டா, புள்ளை திருவொற்றியூர்ல அதே டிசைனை வெச்சு வண்டி விட்டுக்கிட்டே இருந்துச்சு. வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின் நின்னது 2010 வாக்குலதான்.

இதோட விளைவை யோசிச்சுப் பாருங்க. 1965 மாடல் வண்டிக்கு 1990 மாடல் பாகம் பெரும்பாலும் அப்படியே உட்காரும். 6 வோல்ட் வண்டி 12 வோல்ட் ஆகும். பழைய கார்புரேட்டர் போய் மிக்கார்ப் வரும். நிரலாளர் பாஷையில சொன்னா ஐம்பது வருஷமா இன்டர்ஃபேஸ் மாறாத ஒரே சாஃப்ட்வேர் :-) இறக்குமதிக்கு வழியில்லாத, லைசென்ஸ் ராஜ்ஜியம் நடந்த நாட்டுல இதைவிட என்ன வேணும்? மெக்கானிக் எந்தச் செத்த வண்டியிலேர்ந்தும் எதையும் கழட்டி எதுலயும் மாட்டுவார். அதைக் கள்ளத்தனம்னு யாரும் நினைக்கல. ரிப்பேர்னுதான் நினைச்சாங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துல புல்லட் ஒண்ணு விலைக்கு இருக்குன்னு கேள்விப்பட்டு, பெங்களூர்லேர்ந்து ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். தக்காளித் தோட்டத்து ஓரம், மோட்டார் ரூம்ல சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தார் பெரியவர். 1960-கள் வண்டி. ஆர்.சி. புத்தகம் பழுப்பேறி, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு, பழைய செல்லோடேப்ல நிக்குது. நம்பர் 'எம்'ல ஆரம்பிக்குது, அதாவது 1969-ல தமிழ்நாடுன்னு பேர் மாறுறதுக்கு முந்தின மெட்ராஸ் ஸ்டேட் வண்டி. பதிவு சேலம். "ஏன் சேலம்?"னு கேக்கக் கூடாது. தருமபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் சேலத்துலேர்ந்து பிரிஞ்சுது. அதுல பாதி 2004-ல கிருஷ்ணகிரியாப் போச்சு. வண்டி ஒரே கொட்டாயில நின்னிருக்கும், ஆபீஸ்தான் மூணு ஊர் மாறியிருக்கும். இந்தப் பக்கத்துப் பழைய வண்டிகளோட காகிதம் குழப்பமா இருக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சேஸ் நம்பர் ஒத்துப்போச்சு. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகல.

பெரியவர்கிட்ட கேட்டேன். "அது பெரிய கதை கண்ணு"ன்னு ஆரம்பிச்சார். 90-கள்ல பெட்ரோல் கட்டுப்படியாகலைன்னு சேலத்துல குடுத்து டீசல் இன்ஜின் மாட்டியிருக்கார். தண்ணி இறைக்கிற மாதிரி சின்ன டீசல் இன்ஜினை புல்லட் சேஸ்ல ஏத்துறது அப்ப நாடு முழுக்க நடந்த சமாச்சாரம். கம்பெனியே 'டாரஸ்'னு ஒரு டீசல் புல்லட் விட்டுச்சு: 325 சிசி கிரீவ்ஸ் லம்பார்டினி இன்ஜின், வெறும் ஆறரைக் குதிரைச் சக்தி. தொப்பூர் கணவாயில ஏறும்போது கூட நடந்து வர்றவன் ஜெயிச்சிருப்பான். ஆனா டீசல் விலை ரொம்பக் குறைச்சல், மைலேஜ் எக்கச்சக்கம், விவசாயிக்கு வேற என்ன வேணும்? கழட்டின பெட்ரோல் இன்ஜினை மெக்கானிக்கே எடுத்துக்கிட்டார். பத்து வருஷம் கழிச்சு டீசல் இன்ஜின் படுத்ததும், ராணுவ ஏலத்துல வந்த வண்டியிலேர்ந்து ஒரு பெட்ரோல் இன்ஜின் வாங்கி மாட்டினாங்களாம். ரெண்டு தடவையும் ஆர்.சி.யில ஏத்தல. "யாரு வந்து பாக்கறா தம்பி?"

அவர் பொய் சொல்றதா எனக்குத் தோணல. ஆனா இதே கதையை ஒரு வண்டித் திருடனும் இதே முகத்தோட சொல்லலாமே! 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு, அனுமதி இல்லாம வண்டியை மாத்தக் கூடாதுங்குது. அது அபராதத்தோட போயிடும்னே வெச்சுக்குவோம். திருட்டுச் சொத்து வேற விஷயம். முன்னாடி ஐ.பி.சி. 411, 2024 ஜூலையிலேர்ந்து பி.என்.எஸ். 317. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்கினாத்தான் குத்தம்னு இல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தாலே குத்தம். நம்பரைத் தேய்ச்சு மேல வேற குத்தியிருந்தா, அதைவிடப் பெரிய காரணம் என்ன வேணும்?

அதனால நம்பரை எப்படிப் பாக்கறதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். வரிசை கோணலா இருக்கறது மட்டும் தப்புக்கு அடையாளம் இல்ல. அந்தக் காலத்துல கையால பஞ்ச் வெச்சு சுத்தியால அடிச்சதுதான், கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பார்க்க வேண்டியது எழுத்தைச் சுத்தி இருக்குற பரப்பு. வார்ப்பு, பெயின்ட் எல்லாம் சொரசொரன்னு இருக்க, நம்பர் இருக்குற இடம் மட்டும் வழவழன்னு அரம் போட்ட மாதிரி இருந்தா உஷார். பெயின்ட்டுக்குக் கீழ பட்டி தட்டுப்பட்டாலும், சுத்தி வெல்டிங் தடம் தெரிஞ்சாலும் அப்படியே எழுந்து வந்துடணும்.

தேய்ச்சுட்டா போச்சுன்னு திருடன் நினைக்கிறான் பாருங்க, அங்கதான் உலோகம் அவனைக் காட்டிக்குடுக்குது. பஞ்ச் அடிக்கும்போது எழுத்துப் பள்ளத்துக்குக் கீழயும் கொஞ்ச ஆழம் வரைக்கும் உலோகத்தோட படிக அமைப்பு நசுங்கிடும். மேல தேய்ச்சாலும் அந்த நசுங்கல் உள்ள இருக்கும். தடயவியல் ஆய்வகத்துல அந்த இடத்தைப் பாலிஷ் பண்ணி, ஸ்டீலா இருந்தா ஃப்ரை கரைசல் (தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது) தடவுவாங்க. நசுங்கின இடம் வேற வேகத்துல அரிக்கும், செத்துப்போன நம்பர் ஆவி மாதிரி மேல வரும். முதல் தடவை இதைப் படிச்சப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. புல்லட் கிராங்க் கேஸ் அலுமினியம்கிறதால அதுக்கு வேற கரைசல்.

பாலக்கோட்டு வண்டியில ரெண்டு நம்பர்லயும் அரம் போட்ட தடம் எதுவும் இல்ல. ரெண்டும் நிஜம், ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்ல.

இந்த மாதிரி வண்டிக்கு இங்கிலாந்துல 'பிட்ஸா'ன்னு பேர் (பீட்சா இல்லீங்க, இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம்னு அர்த்தம்). உலகப் போர் முடிஞ்சு வெள்ளைக்காரன் இங்க விட்டுட்டுப் போன பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் வண்டிகளை நம்ம ஆளுங்க ஐம்பது வருஷம் ஒட்டுப்போட்டு ஓட்டினாங்க. அப்புறம் அங்கிருந்து ஆள் வந்து வாங்கிட்டுப் போனான். போய்ப் பிரிச்சுப் பாத்து, நம்பர் ஒத்துப்போகலன்னு தலையில கை வெச்சான். அசல் வண்டின்னு சொல்லியே வித்தவங்களும், நம்பரைப் புதுசா அடிச்சுக் குடுத்தவங்களும் உண்டு, மறைக்கறதுக்கில்ல. ஆனா அந்த ஊர் அரசாங்கம் இதுக்கு ஒரு நேர்மையான வழி வெச்சிருக்கு. வயசோ பூர்வீகமோ உறுதியாத் தெரியாத வண்டிக்கு 1983-லேர்ந்து 'க்யூ'ன்னு ஆரம்பிக்கிற தனி நம்பர் பிளேட். எங்க அப்பன் யாருன்னு தெரியாது, ஆனா நான் ரோட்டுல போகத் தகுதியானவன்னு வண்டியே சொல்லிக்குது.

நம்ம ஊர்ல என்ன பண்ணினாங்க? 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், 'வி.ஏ.'ன்னு எழுத்து வர்ற நம்பர், 20,000 ரூபா கட்டணம், பத்து வருஷம் செல்லும். ஆனா வண்டி அசல் உருவத்துல இருக்கணும், சேஸ்லயோ இன்ஜின்லயோ பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம்னு எடுக்கலாம், தினம் ஓட்டக் கூடாது. அதாவது பங்களா ஷெட்டுல ஓட்டாம வெச்சிருந்த வண்டி வரலாறு. உரமூட்டை ஏத்தி, மூணு இன்ஜின் தின்னு, அறுபது வருஷம் ஒரு குடும்பத்துக்கு உழைச்ச வண்டி பழைய இரும்பு. எனக்கு இது சுத்தமா ஒத்துக்கல. என்னைக் கேட்டா இந்த நாட்டு மோட்டார் சைக்கிள் வரலாறு ரெண்டாவது வண்டியிலதான் எழுதியிருக்கு, அரம் போடாத அந்த ரெண்டு சம்பந்தமில்லாத நம்பர்ல.

பெரியவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வந்தேன்: "ஏலத்துல அந்த இன்ஜின் வாங்கின சீட்டு கிடைச்சா ஆர்.டி.ஓ.ல காட்டி புத்தகத்துல ஏத்தப் பாருங்கண்ணா, ஏத்திட்டா நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன்." சீட்டு செத்துப்போன மெக்கானிக் வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கலாமாம். மெக்கானிக்கோட மகன் திருப்பூர்ல வேலை பாக்கறார், பொங்கலுக்குத்தான் வருவாராம்.