மதுச் சார்புநிலையும் மருத்துவ மாணவர் பயிற்சியும்: ஊவாத் தோட்டப்புறம்

மதுச் சார்புநிலையை நோயாகக் கண்டு, நோயாளியை இழிவுபடுத்தாமல் பராமரிக்க மருத்துவ, தாதிய மாணவரைப் பழக்கும் கல்விக்கு ஊவா மாகாணத்தில் ஏற்ற இடம் வார்டுதான். பசறை, லுணுகலை, அப்புத்தளை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களில் கடுமையாக நோயுற்றவர்கள் தோட்ட டிஸ்பென்சரியைக் கடந்து, பதுளை போதனா வைத்தியசாலை வரை வருகிறார்கள்.

எலும்பு முறிவுக்கோ காய்ச்சலுக்கோ சேர்ந்தவர் குடியைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டார். யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத உருவங்கள் தெரியும். அவரைக் குழப்படிக்காரர் என்று திட்டிக் கட்டிலோடு கட்டிப்போட்டால் உயிரே போகக்கூடும். டயசிபாம் வகை மருந்து, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின், வெளிச்சமும் அமைதியுமான இடம், அருகில் தெரிந்த முகம் ஆகியவை தேவை. இந்தக் கட்டத்தில் பரிவையும் நோயறியும் திறனையும் பிரித்துக் கற்பிக்க முடியாது.

குடியைப் பற்றிக் கேட்பதும் ஒரு பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 10 கேள்விகள், 40 புள்ளிகள். 8ஐத் தொட்டால் கவனம் தேவை. ஆனால் லயத்தில் கணக்கு கால் போத்தல், அரைப் போத்தல் என்றே ஓடுகிறது; கசிப்பின் வீரியத்தைச் சொல்ல லேபலும் கிடையாது. தமிழ் தெரியாத மாணவர் பக்கத்துக் கட்டில்காரரையோ நோயாளியின் பிள்ளையையோ மொழிபெயர்க்கச் சொன்னால் உண்மை வராது, மானம்தான் போகும். அதே லயத்து ஆள் கேட்டுக்கொண்டிருக்கையில் யார் பேசுவார்? தனியாக, "ஐயா" என்று விளித்து, தீர்ப்புச் சொல்லாமல் கேட்கத் தமிழில் சில வாக்கியங்களாவது பழக வேண்டும். மாற வேண்டிய காரணத்தை நோயாளியே சொல்லவிடும் உரையாடல் முறையை வில்லியம் மில்லர் 1983இல் எழுதினார். குறுகிய நேர ஆலோசனைக்கும் அது உதவும்.

தோட்டக் குடியின் வரலாறும் பாடத்தில் சேர வேண்டியது. பிரித்தானியர் காலத்தில் சாராயக் குத்தகை அரசுக்குப் பெரிய வருமானம். அந்த வருமானத்தை மறந்துவிட்டுத் தொழிலாளியின் ஒழுக்கத்தை மட்டும் குறை கூறும் பாடம் அரைகுறைதான். அதேவேளை, குடிப்பவர்மீதுள்ள பரிவு மனைவியின் காயத்தைக் காணாமல் விட அனுமதிக்காது. சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதை மனைவியிடமும் தனியே கேட்க வேண்டும்.

துண்டு வெட்டி அனுப்பும்போது தோட்ட மருத்துவ உதவியாளருக்கு எழுதும் கடிதத்தில் தயமின் அளவு, அடுத்த கிளினிக் நாள், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது ஆகியவை இருக்க வேண்டும். திரும்பவும் குடித்தபடி வந்தாலும் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்பதையும் மாணவர் அதில் எழுதப் பழகுவது நல்லது.