பப்பாளி மாவுப்பூச்சி

பப்பாளி மாவுப்பூச்சி (பாராகாக்கசு மார்சினேட்டசு) என்பது செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு பூச்சியினம் ஆகும். மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம் ஆகும். இது பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி முதலிய பல செடிகளைத் தாக்குகிறது.

அடையாளம்

பெண்பூச்சி சுமார் 2 மி.மீ. நீளமுடையது, இறக்கையற்றது. மஞ்சள் நிற உடலை வெண்ணிற மெழுகுத்தூள் மூடியிருக்கும். உடலின் விளிம்பில் குட்டையான மெழுகு இழைகள் காணப்படும். ஆல்ககாலில் இட்டால் உடல் நீலங்கலந்த கருநிறமாகும். செம்பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிக்கு விளிம்பு இழைகள் இல்லை. பருத்தி மாவுப்பூச்சியின் முதுகில் கரும்புள்ளிகள் உண்டு.

கட்டுப்பாடு

இப்பூச்சி 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. மெழுகுப் படலத்தால் பூச்சிமருந்து இதன் உடலில் எளிதில் படுவதில்லை. 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகசு பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. இக்குளவி மேற்கூறிய பிற இனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இனத்தைச் சரியாக அறிதல் இன்றியமையாதது.