ஹெரிஃபர்ட்ஷயரின் தேவாலயங்களும் நாட்டார் கதைகளும்

ஹெரிஃபர்ட்ஷயர் இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் எல்லையை ஒட்டிய வேளாண் மாவட்டம். ஆப்பிள் தோப்புகளும் ஹாப் கொடித் தோட்டங்களும் நிறைந்தது. இங்குள்ள பழைய தேவாலயங்களை, அவற்றைச் சுற்றி வழங்கும் கதைகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

லக் ஆற்றங்கரையிலுள்ள மார்டன் அதற்குச் சிறந்த சான்று. கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எதல்பர்ட், மெர்சிய மன்னன் ஆஃபாவின் ஆணைப்படி 794இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டான். அவனைப் புதைத்த இடத்தில் ஊற்றுக் கிளம்பியது என்பது ஐதீகம். அந்த ஊற்றின் கிணறு மார்டன் தேவாலயத்துக்குள்ளேயே மேற்குக் கோடியில் இருக்கிறது. பின்னர் உடல் ஹெரிஃபர்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்குள்ள பேராலயம் மரியாளின் பெயரோடு அவன் பெயரையும் தாங்குகிறது.

மார்டனின் மணிக்கதை இன்னும் சுவையானது. ஆற்றில் விழுந்த தேவாலய மணியை நீர்க்கன்னி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் கிடாரிகளை யூ மர நுகத்தில் பூட்டி, யாரும் வாய் திறக்காமல் இழுத்தால் மணி வரும் என்று யோசனை சொன்னார்கள். மணி மேலே வந்தது. உள்ளே அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். கரையேறும் நேரத்தில் மாடு ஓட்டியவன் பூரிப்பில் கத்திவிட, விழித்தவள் மணியோடு ஆற்றில் பாய்ந்தாள். 1848இல் மார்டன் குளம் ஒன்றில் பழங்கால வெண்கல மணி ஒன்று கிடைத்தது. அதுவே கதையின் மணி என்பதற்குச் சான்று இல்லை.

சிற்பத்துக்குப் பேர்போனது கில்பெக் ஊரின் தேவாலயம். புனித மரியாள், புனித டேவிட் பெயரிலான அத்தேவாலயம் சுமார் 1140இல் செம்மணற்கல்லால் எழுப்பப்பட்டது. தெற்கு வாசல் தூணில் கொடிகளுக்கிடையே பின்னிக் கிடக்கும் வீரர்களைக் காணலாம். கூரையடியில் சுவரிலிருந்து நீளும் செதுக்குக் கற்களில் 85 எஞ்சியுள்ளன. ஒன்றில் நாயும் முயலும் நண்பர்கள்போல் ஒட்டி நிற்கின்றன. இன்னொன்றில் ஷீலா நா கிக் எனப்படும் பெண்ணுருவம் தன் குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டுகிறது. விவிலியக் காட்சிகளைவிட விலங்குகளும் விந்தை உருவங்களுமே மிகுதி. நார்மன் காலச் சிற்பக் கலையில் இதற்கு நிகராக இங்கிலாந்தில் வெகு சிலவே உண்டு.

மார்டிஃபர்ட் ஊரைப் பறவைநாகம் ஒன்று அச்சுறுத்தியது என்பார்கள். அதன் ஓவியம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தேவாலயச் சுவரில் இருந்தது. டார்ஸ்டன் அருகே 5,000 ஆண்டுகளுக்கும் முந்திய கல்லறை ஒன்று ஆர்தர் மன்னனின் பெயரால் வழங்குகிறது.

இக்கதைகளைத் தொகுத்து 1912இல் நூலாக்கியவர் வெப்லியில் வாழ்ந்த எல்லா மேரி லெதர். ஹாப் பறிக்க வந்த ஜிப்சிகளிடமும் ஊர் முதியவர்களிடமும் அவர் கேட்டெழுதிய பாடல்கள் பல, இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.