சைனாடவுனின் சிறு கடையும் வாத்தியங்களின் பொதுமொழியும்

நேயர்களே, முன்னாளில் மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் தப்பு முழங்கும். அந்த முழக்கம் கொழுந்து பறித்ததில்லை, புல் வெட்டியதுமில்லை. பெரட்டுக்கு நேரமாயிற்று என்ற சேதியை மட்டுமே அது லயங்களுக்குக் கொண்டு சென்றது. வேலையைச் செய்தவை நம் முன்னோரின் கைகள். திருமணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி என்று அடிக்கு அடி பொருள் மாறும். அந்தப் பொருள் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் சொல் இல்லாமலே சேதி போய்ச் சேர்ந்தது.

மின்னணு வாத்தியங்களுக்கும் இப்படி ஒரு சேதி முறை உண்டு. அதன் பெயர் மிடி. தமிழில் மிடி என்றால் வறுமை என்று பொருள். ஆனால் இந்த மிடி, எளியவர் பலருக்கு வாசலைத் திறந்துவிட்ட ஒன்று. அதன் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1970களில் மின்னணு வாத்தியங்கள் பெருகின. ஆனால் ஒரு நிறுவனத்தின் வாத்தியம் மற்றொரு நிறுவனத்தின் வாத்தியத்தோடு பேசாது. ஒன்றின் தாளக் கருவிக்கு ஏற்ப இன்னொன்றின் கட்டைகள் காலம் தவறாமல் ஒலிப்பது அரிது. தோட்டத்துக் கடையில் பற்று வைத்தவர் வேறு கடைக்குப் போக முடியாமல் தவிப்பதுபோல, ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கியவர் அந்த நிறுவனத்துக்கே கட்டுப்பட்டுக் கிடந்தார்.

இந்தக் கட்டை அவிழ்க்க முன்வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ காக்கேஹாஷி. மற்றவர் அமெரிக்காவின் டேவ் ஸ்மித். எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவான இணைப்பு ஒன்று வேண்டும் என்று 1981இல் பேச்சுத் தொடங்கிற்று. யமஹா, கோர்க், கவாய் ஆகிய போட்டி நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த கண்காட்சியில் ஸ்மித்தின் வாத்தியத்தையும் ரோலண்டு வாத்தியத்தையும் கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது! இந்த முறைக்கு உரிமைத் தொகை எதுவும் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் தப்பைப் போலத்தான். மிடி கம்பியில் போவது ஓசை அல்ல, கட்டளை. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் புறப்படுகின்றன. முதல் எண், எந்தத் தடத்தில் ஒலிக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டாவது, எந்தக் கட்டை என்பதையும், மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதையும் தெரிவிக்கும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. ஒரே கம்பியில் 16 தடங்கள் இருப்பதால், ஒருவர் ஒரு வாத்தியத்தின் முன் அமர்ந்தபடியே பல வாத்தியங்களை இயக்கலாம். கணிப்பொறியில் அந்த எண்களைச் சேமித்து, தவறான சுரத்தைத் திருத்தவும் செய்யலாம். 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணிப்பொறி இசையைக் கையாண்டதை நம்மில் பலர் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம்.

இனி நாம் சிங்கப்பூரின் சைனாடவுனுக்குப் போவோம். அது நமக்கு அந்நியமான இடமன்று. 1827இல் தோன்றிய மாரியம்மன் கோவில் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதியில் பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடம் இருந்தது. 1981இல் அங்கே சிம் வோங் ஹூ என்ற இளைஞர், தம் நண்பர் இங் காய் வாவுடன் சேர்ந்து கணிப்பொறி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைத் திறந்தார். கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். சிம், புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் வளர்ந்தவர். பெரிய குடும்பத்துப் பிள்ளை. மவுத் ஆர்கன் வாசிப்பதில் பிரியம் கொண்டவர்.

அக்காலத்துச் சாதாரணக் கணிப்பொறி 'பீப்' என்று கத்துவதோடு சரி. அதைப் பேசவும் பாடவும் வைக்க வேண்டுமென்று சிம் விரும்பினார். 1986இல் அவர் கொண்டுவந்த 'கியூபிக் சிடி' என்ற கணிப்பொறி சந்தையில் எடுபடவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. முழுக் கணிப்பொறி விலைபோகாவிட்டால், பிறர் செய்த கணிப்பொறிக்குள் செருகும் ஒலி அட்டையைச் செய்வோம் என்று முனைந்தார். 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' வெளிவந்தது. விளையாட்டுக் கைப்பிடிக்கென்று அதில் இருந்த வாயிலோடு தனிக் கம்பி ஒன்றைச் சேர்த்தால், மிடி வாத்தியத்தையும் இணைக்கலாம். அதற்கு அவர் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கப்பம் கட்ட வேண்டியிருக்கவில்லை. 1992இல் அவருடைய நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமாயிற்று. சிம் 2023இல் காலமானார். பேர்ல்ஸ் சென்டரும் ரயில் பாதைப் பணிக்காக இடிக்கப்பட்டுவிட்டது.

நேயர்களே, இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. ஒருவரே பத்துப் பேரின் வாத்தியங்களை இயக்க முடிந்தபோது, இசைக் கூடங்களில் வயலினும் டோலக்கும் வாசித்துப் பிழைத்த பலருக்கு அழைப்புகள் குறைந்தன. இயந்திரம் வரும்போது கைகள் நிற்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் அறிவோம். மேலும், மிடி கட்டை வாத்தியங்களை மனத்தில் வைத்து அமைந்தது. நாதசுரம் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை, கட்டைக்கு ஓர் எண் என்ற கணக்கில் அடக்கிவிட முடியாது. சுரத்தை வளைப்பதற்கென்றே தனிக் கட்டளை வேண்டும். அப்போதும் வித்துவானின் மூச்சு அதில் முழுமையாக வந்துவிடுவதில்லை.

ஆயினும் ஒன்றை நாம் நினைவில் கொள்ளலாம். போட்டியாளர்கள் கூடிப் பேசி, ஒரு மொழியைப் பொதுவில் வைத்தார்கள். பொதுவில் வைத்ததால், அந்தக் கூட்டத்தில் உட்காராத ஒரு கம்பத்துப் பிள்ளையும் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. தப்பின் அடிகளை யாரும் தமக்கென்று பூட்டி வைக்காததால்தான் அவை தலைமுறை தாண்டி நம் பிள்ளைகளின் கைக்கு வந்தன. வாத்தியங்களின் பொதுமொழியும் அப்படித்தான் வாழ்கிறது.